உஷ் மிஸ்ஸின் தேதிச் சீட்டுகள்

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. பிள்ளைகளுக்கு அவள் உஷ் மிஸ். நூலக அறையில் யாராவது சத்தம் போட்டால் உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்பாள். அதிலிருந்து ஒட்டிக்கொண்ட பட்டம். பட்டம் கொடுத்த பிள்ளைகளுக்கு மீசை முளைத்து, கல்யாணம் ஆகி, தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து அதே பள்ளியில் சேர்த்தார்கள். பட்டம் மட்டும் உதிரவில்லை. ஒரு நாள் தலைமை ஆசிரியரே வாய் தவறி, "உஷ் மிஸ்ஸைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வீட்டிலும் அவளுக்கு அதே குரல்தான். புருஷன் மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிக் கட்டுகிறவன். நாளெல்லாம் கடையில் மோட்டார் ஓட்டிப் பார்த்துப் பார்த்து அவன் காது பாதி போய்விட்டது.

"நீ பேசறது எனக்குக் கேக்கறதில்ல. நான் பேசறது உனக்குப் பிடிக்கறதில்ல. அதனாலதான் நம்ம வண்டி இத்தனை வருஷம் சண்டையில்லாம ஓடுது" என்பான்.

அவள் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்வாள். அதுவும் அவனுக்குக் கேட்காது.

அவள் அந்தப் பள்ளிக்கு வந்தது நூலகராக அல்ல. அலுவலகத்தில் கோப்பு எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு வந்தாள். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தபால் வழியில் நூலகப் படிப்பு படித்தாள். முதல் தடவை ஒரு தாளில் கோட்டை விட்டாள். இரண்டாம் தடவை தேறினாள். சான்றிதழைக் கொண்டுபோய்க் காட்டியபோது அன்றைய தலைமை ஆசிரியர் மாடிக் கோடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஓர் அறையின் சாவியைக் கொடுத்தார். உள்ளே கால் உடைந்த பெஞ்சுகள் கூரை முட்டக் கிடந்தன. அதற்குப் பின்னால் மூன்று அலமாரி, அலமாரிக்குள் கறையான், கறையான் போக மிச்சம் கொஞ்சம் புத்தகம்.

அதிலிருந்து பத்தொன்பது வருஷம். இப்போது பதினொரு அலமாரி. ஆயிரத்து எண்ணூறு புத்தகம். ஜன்னலோரம் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பாய். அந்தப் பாயில் உட்கார்ந்து படிக்க இடைவேளையில் அடிதடியே நடக்கும். அடிதடி நடந்தால் என்ன சொல்வாள் என்று உங்களுக்கே தெரியும்.

இத்தனை இருந்தும் பள்ளிக்கூடத்தில் அவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று யாருக்கும் விளங்கவில்லை. ஆசிரியர் கூட்டத்தில் நாற்காலி போடும்போது அவளுக்கு என்று ஒன்று போடத் தோன்றாது. கதவோரம் பீரோவில் சாய்ந்து நிற்பாள். எந்த ஆசிரியராவது லீவு போட்டால் அந்த வகுப்பு அப்படியே அவள் தலையில் விழும். "அந்த நாப்பது பேரையும் உஷ் மிஸ் ரூமுக்கு ஓட்டிவிடுங்க" என்பார்கள். அதையெல்லாம் அவள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஓட்டிவிட்ட நாற்பதில் நாலு பேர் புத்தகத்தோடு திரும்பிப் போனால் அவளுக்கு அன்றைக்கு லாபம்.

அவளுடைய வேலை முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் ஒரு தேதிச் சீட்டு ஒட்டியிருக்கும். இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளம். தலையில் புத்தகத்தின் எண். பிள்ளை புத்தகம் எடுத்தால் திருப்பித் தர வேண்டிய தேதியை அதில் ஊதா மையில் முத்திரை குத்துவாள். பிள்ளையின் அட்டையை வாங்கி மேஜைப் பெட்டியில் வைத்துக்கொள்வாள். புத்தகம் வந்ததும் அட்டை பிள்ளையிடம் போய்விடும். பேரேடு, பதிவேடு ஒன்றும் கிடையாது. ஒரு நாளைக்கு எத்தனை புத்தகம் போயிற்று என்று கதவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கரும்பலகையில் எழுதுவாள். மறுநாள் காலையில் அதையும் துடைத்துவிடுவாள். ஆக, எந்தப் புத்தகம் எத்தனை கை பார்த்தது என்பதற்குச் சாட்சி அந்தச் சீட்டு ஒன்றுதான். சீட்டு நிரம்பினால் அதன் மேலேயே இன்னொன்று ஒட்டுவாள். நன்றாக ஓடுகிற புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் அட்டை மாதிரி தடித்துப்போயிருக்கும்.

நாள் தவறிக் கொண்டுவருகிற பிள்ளைக்கு அபராதம் இல்லை. பாயில் உட்கார்ந்து, இருக்கிற எல்லோருக்கும் அந்தப் புத்தகத்தில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும். படிக்காமல் வைத்திருந்த பிள்ளை முழிக்கும். மற்றதுகள் விழுந்து விழுந்து சிரிக்கும். அந்த ஒரு நேரத்தில் மட்டும் அவள் உஷ் சொல்ல மாட்டாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த அறைக்குத்தான் ஒரு சுற்றறிக்கை வந்தது. வட்டாரத்தில் உள்ள பள்ளி நூலகங்களை அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். பிள்ளைகள் பயன்படுத்தாத நூலகங்களை மூடி, அந்த அறைகளில் கணினி வைப்பார்கள். நூலகர்கள் அந்தந்தப் பள்ளி அலுவலகத்துக்கு மாற்றப்படுவார்கள்.

தலைமை ஆசிரியர் நல்ல மனுஷர். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார். அதனால் பார்க்கலாம் சார் என்றே அவருக்குப் பெயர். அவர் அவளைக் கூப்பிட்டுக் காகிதத்தைக் காட்டினார்.

"பயப்படாதீங்கம்மா. சும்மா வந்து பாத்துட்டுப் போவாங்க. அறையை மட்டும் பளிச்சுன்னு வைங்க."

"பளிச்சுன்னுதான் சார் இருக்கு."

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல சார்."

திரும்பவும் கோப்பு எடுத்துக் கொடுக்கும் மேஜையா? அன்றைக்குச் சாயங்காலமே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். அலமாரி துடைத்தாள். முதுகு கிழிந்த புத்தகங்களுக்கு முதுகு தைத்தாள். எல்லாம் முடிந்து ஒரு புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தால் கடைசிப் பக்கம் கண்ணை உறுத்தியது. ஊதா மை ஈஷி, சீட்டு மேல் சீட்டாக, ஓரம் சுருண்டு, யாரோ ஒரு பிள்ளை சாப்பிட்ட கையோடு தொட்ட எண்ணெய்க் கறையோடு, பார்க்கச் சகிக்கவில்லை.

"இதையா அதிகாரி கண்ணுல காட்டறது?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஈரத்துணியை வைத்து, பசை ஊறியதும் மெல்ல உரித்தாள். அப்பளம் மாதிரி முழுசாக வந்தது. புதுச் சீட்டு ஒட்டினாள். பக்கம் பால் மாதிரி வெளுத்தது. அந்த அழகில் மயங்கிப்போனாள் என்றுதான் சொல்ல வேண்டும். பிள்ளைகளிடம் இருந்ததையும் திரும்ப வாங்கி, புத்தகம் கொடுப்பதையே நிறுத்திவிட்டு, ஒரு மாதம், தினம் இரண்டு மணி நேரம், ஆயிரத்து எண்ணூறு புத்தகத்துக்கும் உரித்து ஒட்டினாள். உரித்த சீட்டுகள் ஒரு சாக்கு நிறையச் சேர்ந்தன.

அவளுடைய நாத்தனார் அதே பள்ளியில் சின்ன வகுப்பு டீச்சர். புருஷனின் கடைசித் தங்கை. பழைய காகிதம், அட்டைப் பெட்டி, நூல்கண்டு எதைக் கண்டாலும் விடாத கை.

"அண்ணி, சாக்குல என்ன?"

"குப்பை."

"குப்பையா இருந்தா எனக்குக் கொடுங்க. புதையலா இருந்தா நீங்களே வெச்சுக்கோங்க."

"எடுத்துட்டுப் போடியம்மா, இடம் காலியாகட்டும்."

அதிகாரி ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். ஒல்லியான ஆள், மூக்குக் கண்ணாடி, சிரிக்காத முகம். கெட்டவர் அல்ல. வேலையை ஒழுங்காகச் செய்கிறவர். அறையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு புத்தகத்தை உருவி நேரே கடைசிப் பக்கத்தைத் திறந்தார். வெள்ளைச் சீட்டு. இன்னொன்றை உருவினார். வெள்ளை. கீழ்த்தட்டுக்குக் குனிந்து ஒன்று, மேல்தட்டுக்கு எம்பி ஒன்று. எல்லாம் வெள்ளை.

"ஏம்மா, இந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ளைகூடவா புத்தகம் எடுக்கல?"

மூன்றாவது புத்தகத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. தலையில் இடி விழுந்தது. அந்தக் கரும்பலகையாவது? திரும்பிப் பார்த்தாள். அதையும் காலையில் கழுவித் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாள்.

"எடுத்தாங்க சார். நான்தான்..." என்றாள்.

"சத்தமாச் சொல்லுங்க."

"சீட்டு புதுசு சார். பழசு..."

"என்னம்மா? காதுல விழல."

பார்க்கலாம் சார் இடையில் புகுந்து, "அவங்க அப்படித்தான் சார், மெதுவாப் பேசுவாங்க" என்றார். அதிகாரி பேனாவை எடுத்து எழுதினார். "அறை மிகத் தூய்மை. பயன்பாடு இல்லை." மறுப்பு இருந்தால் பதினைந்தாம் நாள் அலுவலகத்துக்கு நேரில் வந்து சொல்லலாம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

வீட்டில் அன்றைக்குச் சமையல் ஆகவில்லை. புருஷன் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தான். அவள் நடந்ததைச் சொன்னாள். அவனுக்குக் கேட்க வேண்டுமே என்று ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொன்னாள். சொல்லி முடித்தபோது அவன் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தான்.

"நீ கழட்டிப் போட்டது என்னன்னு தெரியுதா?"

"சீட்டு."

"மீட்டரு! கரண்ட் மீட்டரக் கழட்டித் தூரப் போட்டுட்டு, வந்தவன்கிட்ட எங்க வீட்ல லைட்டு எரிஞ்சுதுன்னு சொன்னா எவன் நம்புவான்?"

"சிரிக்காதீங்க."

"சிரிக்கல. இருமறேன்." சிரித்து முடித்துவிட்டுக் கேட்டான். "அந்தக் குப்பை இப்ப எங்க?"

அவள் எழுந்து நின்றாள். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பக்கத்துத் தெருவில் இருந்த நாத்தனார் வீட்டுக்கு ஓடினாள்.

"ஏய், அந்தச் சாக்கு எங்கடி?"

"எந்தச் சாக்கு அண்ணி?"

"சீட்டுச் சாக்கு! எரிச்சிட்டியா?"

நாத்தனார் விழித்தாள். "எரிக்கறதா? சங்கிலி பண்ணிட்டோமே! ஒவ்வொரு சீட்டையும் வளையமா ஒட்டி, வளையத்துக்குள்ள வளையம் கோத்து, நாலு வகுப்புக்கும் மேல தோரணமாத் தொங்குது. நீங்க மாடியவிட்டுக் கீழ இறங்கினாத்தானே பாக்கறதுக்கு? ஊதா முத்திரை வெளிய தெரியணும்னு பிள்ளைங்க ஒரே பிடிவாதம். அந்த அதிகாரிகூடப் போறப்ப அண்ணாந்து பாத்துட்டு, அடடா, நல்லாருக்கேன்னு சொல்லிட்டுப் போனாரு."

அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தால் எது முதலில் வருமோ, அது வந்தது. விக்கல்.

சீட்டு கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு போய் அதிகாரி முன்னால் பேச வேண்டுமே, அதற்கு வாய்? பள்ளி நூலகர் சங்கம் என்று ஒன்று உண்டு. பதினோரு பேர். மாதத்தில் முதல் சனிக்கிழமை ஏதாவது ஒரு பள்ளி நூலகத்தில் கூடுவார்கள். அவளும் உறுப்பினர்தான். அட்டை கைப்பையில் இருந்தது. ஆனால் அங்கே போனால் பேசச் சொல்வார்கள் என்று பயந்து ஒரு தடவையும் எட்டிப் பார்த்ததில்லை. அந்தச் சனிக்கிழமை போனாள்.

சங்கத்துக்குத் தலைவி ஒரு பெரிய உருவம், பெரிய குரல். ஒலிபெருக்கி அக்கா என்று முகத்துக்கு நேரேயே கூப்பிடுவார்கள். அவளும் "சொல்லுடா" என்பாள்.

"வாம்மா, வா! அட்டையில மட்டும் பாத்த முகம். எழுந்து நின்னு நீ என்ன வேலை பாக்கறேன்னு ரெண்டு நிமிஷம் சொல்லு பாப்போம்."

"எங்கிட்ட ஆயிரத்து எண்ணூறு புத்தகம் இருக்கு."

"பழைய பேப்பர் கடையில அதுக்கு மேல இருக்கு. அடுத்தது?"

"அடுக்கி வெப்பேன்."

"மளிகைக் கடைக்காரரும் அடுக்கறாரு. நீ என்ன பண்றேன்னு கேட்டா, இருக்கறத சொல்றியே!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு முகம் சிவந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது. கோபத்தில் குரல் அரை அங்குலம் ஏறியது. நடந்த கதையை அப்படியே கொட்டிவிட்டாள். ஈரத்துணி, பசை, வெள்ளைச் சீட்டு, அதிகாரியின் பேனா, எல்லாம்.

யாரும் சிரிக்கவில்லை. கடைசியில், ஆண்கள் பள்ளி நூலகர், ரொம்ப சுத்தக்காரர், தொண்டையைச் செருமினார்.

"நானும் மாத்திட்டேங்க. அறுநூறு புத்தகத்துக்கு. ராத்திரிகூட அதே நினைப்பு, ஓரம் நேரா இருக்கணும்னு."

"நீங்களுமா?" என்று இன்னொருத்தி கையைத் தூக்கினாள். "எனக்கும் பயன்பாடு இல்லைன்னுதான் எழுதிட்டுப் போனாங்க. ஏன்னு இப்பத்தான் புரியுது."

கை ஒவ்வொன்றாக உயர்ந்தது. ஒன்பது பேர். சுத்தம் பார்க்கிற பிழைப்பில் இருக்கிறவர்கள், அதிகாரி வருகிறார் என்றதும் ஒரே மாதிரி, சொல்லி வைத்த மாதிரி, சாட்சியை உரித்துப் போட்டிருக்கிறார்கள். ஒலிபெருக்கி அக்கா மட்டும் கை தூக்கவில்லை. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"என்னை என்ன பாக்கறீங்க? நானும் ஆரம்பிச்சேன். முதுகு வலி வந்து பாதியில விட்டுட்டேன். என் அறைய சோம்பேறித்தனம் காப்பாத்திடுச்சு." பெரிய குரலில் சிரித்துவிட்டு, "உரிச்ச சீட்டு யார்கிட்டயாவது இருக்கா?" என்றாள்.

எரித்துவிட்டேன், குப்பை வண்டியில் போட்டேன், அடுப்புப் பற்ற வைத்தேன் என்றார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஒருத்தியிடம். அதுவும் சங்கிலியாக.

"அப்ப நீதான் பேசற" என்றாள் அக்கா.

"நானா? அக்கா, நீங்க பேசுங்க. உங்களுக்குத்தான் குரல் இருக்கு."

"எனக்குக் குரல் இருக்கு, வழக்கு இல்ல; என் அறைதான் தப்பிச்சிடுச்சே. உனக்குச் சீட்டு இருக்கு, குரல் இல்ல. உன் சீட்ட நான் வாங்கிப் பேசினா பொய்யாப் போயிடும். குரலை வளத்துக்கலாம். நாளையிலேர்ந்து சாயங்காலம் வா."

ஒரு வாரம் பயிற்சி நடந்தது. அக்கா அறையின் இந்தக் கோடியில் நின்றுகொண்டு, அவளை அந்தக் கோடியில் நிறுத்துவாள். "கேக்கல!" என்பாள். ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல் என்பாள். அந்தப் பிள்ளை என்ன எடுத்தது, ஏன் எடுத்தது, பிறகு என்ன ஆயிற்று, அது மட்டும் போதும் என்பாள். வீட்டுக்கு வந்தால் புருஷனிடம் ஒத்திகை. அரைச் செவிடனுக்குக் கேட்டால் அதிகாரிக்குக் கேட்காதா? நாலாம் நாள் அவன் காதில் கை வைத்துக்கொண்டான்.

"எதுக்கு இப்படிக் கத்தற? நான் என்ன செவிடா?"

அவளுக்கு வந்த சந்தோஷத்தில் இரண்டு பேருக்கும் தேநீர் போட்டாள்.

சங்கிலியைக் கழற்றும்போது சின்ன வகுப்பில் ஒரே கூப்பாடு. "எங்க சங்கிலி! எங்க சங்கிலி!" திருப்பித் தருகிறேன் என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் அவளால் அறையை விட்டு வெளியே வர முடிந்தது. சிக்காமல் கொண்டுபோக வழி புருஷன் சொன்னான். கடையில் செம்புக் கம்பி சுற்றி வருகிற மர உருளை சும்மா கிடந்தது. காயில் சுற்றுகிற கை அல்லவா, ஒரு வளையம் நசுங்காமல் முழுச் சங்கிலியையும் அதில் சுற்றினான். இரண்டாவது உருளைக்கும் போயிற்று.

பதினைந்தாம் நாள். நீளமான அறை, நீளமான மேஜை. அந்த ஒல்லி அதிகாரியும் இன்னும் இரண்டு பேரும். பத்து நூலகர்களும் சுவரோரம் நின்றார்கள். பார்க்கலாம் சாரும் வந்திருந்தார். வாசலில் இரண்டு மர உருளைகளோடு புருஷன்.

"சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரி. முன் அனுபவத்தில் மேஜை மேல் எட்டிக் காதைக் கொடுத்தார்.

"தப்பு என்னுது சார்!" என்றாள் அவள்.

அதிகாரி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"நீங்க வரீங்கன்னு அழுக்குச் சீட்டையெல்லாம் உரிச்சிட்டு வெள்ளைச் சீட்டு ஒட்டினேன். நான் மட்டுமில்ல, இங்க நிக்கறவங்கள்ல ஒன்பது பேரு அதையேதான் செஞ்சிருக்காங்க. நீங்க பாத்தது எங்க சுத்தத்த. பிள்ளைங்க படிச்சது இதுல இருக்கு."

உருளை உருண்டது. அவள் சங்கிலியின் நுனியைப் பிடித்துக்கொண்டு மேஜையைச் சுற்றி நடந்தாள். இரண்டாவது அதிகாரியின் தோளில் போட்டாள், மூன்றாமவர் கையில் கொடுத்தாள், சுவரோரம் நின்ற நூலகர்கள் ஆளுக்கொரு இடத்தில் ஏந்திக்கொண்டார்கள். அறை முடிந்தது, சங்கிலி முடியவில்லை. வராந்தாவில் போயிற்று. தட்டச்சு செய்துகொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். புருஷன் உருளையைச் சுற்றிக்கொண்டே இருந்தான். மூவாயிரத்துச் சொச்சம் சீட்டு. நிரம்பிய ஒவ்வொன்றிலும் இருபது ஊதா முத்திரை.

அதிகாரி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒரு வளையத்தைப் பிடித்தார். "இது காகிதம்தானேம்மா. யார் வேணாலும் முத்திரை குத்தலாமே. இது எந்தப் புத்தகம்னு தெரியுமா? நானூத்திப் பன்னெண்டு."

"சைக்கிள் பாகம் பாகமா படம் போட்டது சார். சைக்கிள் கடைக்காரர் பொண்ணு ஒருத்தி நாலு மாசம் கீழ வைக்கல. இப்ப அவ அப்பா கடையில பஞ்சர் ஒட்டறது அவதான். அப்பா வேடிக்கை பாக்கறாரு."

"எழுபத்தி ஒண்ணு?"

"பூச்சிங்க புத்தகம். தேள் பக்கம் மட்டும் காணோம். யாரு கிழிச்சான்னும் தெரியும். அவன் இப்ப உங்க ஆபீஸ்லதான் வேலை பாக்கறான், சொல்ல மாட்டேன்."

வராந்தாவில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தலை சட்டென்று உள்ளே போயிற்று. எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியும் உதட்டை மடித்துக்கொண்டார். இன்னொரு வளையத்தைத் திருப்பினார்.

"இதுல முத்திரை ரொம்ப அடுத்தடுத்து இருக்கே. ஆயிரத்து நூத்தியேழு. யாரு இந்த ஆர்வக்கார பிள்ளை?"

அவள் திரும்பிப் பார்த்தாள். வாசலில் இருந்த புருஷன் தலையைச் சொறிந்தான். யாரோ ஒரு பிள்ளை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. இந்த மூவாயிரத்தில் யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

"அது பிள்ளையில்ல சார்" என்றாள். குரல் இறங்கவில்லை. "மின் மோட்டார் வேலை செய்யற விதம்னு ஒரு புத்தகம். எடுத்தது என் வீட்டுக்காரரு. அதோ, உருளை சுத்தறாரே, அவருதான். எழுத்துக்கூட்டித்தான் படிப்பாரு, அதனால ஒன்பது மாசம் ஆச்சு. ஒவ்வொரு தடவையும் முறையா முத்திரை குத்தித்தான் கொடுத்தேன். ஆனா அந்த இருபதையும் கணக்குல சேத்துக்க வேணாம். கழிச்சிடுங்க."

அறை கொல்லென்று சிரித்தது. புருஷன், "கடைசி அத்தியாயம் இன்னும் பாக்கி சார்" என்றான். அவனுக்கு மெதுவாகப் பேச வராது. வராந்தா முழுக்கக் கேட்டது.

அதிகாரி சிரிக்கவில்லை. அந்த வளையத்தின் முத்திரைகளை விரலால் எண்ணினார். பிறகு பக்கத்தில் இருந்த இரண்டு பேரிடமும் குனிந்து பேசினார். நிமிர்ந்தார்.

"கழிக்கச் சொல்ற ஆள் கூட்டிக் குத்தியிருக்க மாட்டாங்க" என்றார். "பத்து நூலகத்தையும் மூடறத நிறுத்தி வைக்கறோம். ஒரு வருஷம். அதுக்குள்ள எல்லாரும் பதிவேடு போடணும். சங்கிலியெல்லாம் அடுத்த தடவை எடுத்துட்டு வரக்கூடாது, எனக்குத் தோள் வலிக்குது. வேற ஏதாவது சொல்லணுமா?"

சுவரோரம் நின்ற அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, "கேளுடி, கேளு" என்றாள். அது ரகசியம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். எல்லோருக்கும் கேட்டது.

"ஆசிரியர் கூட்டத்துல எனக்கு ஒரு நாற்காலி வேணும் சார். டீச்சர் லீவு போட்டா வகுப்ப ஓட்டிவிடறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேக்கணும். எந்தப் பாடம் நடக்குதுன்னு தெரிஞ்சா அதுக்குத் தோதா புத்தகம் எடுத்து வெப்பேன். அந்த நேரம் பாழாப் போகாது."

அதிகாரி பார்க்கலாம் சாரைப் பார்த்தார்.

"பார்க்க..." என்று ஆரம்பித்தவர் சுற்றிலும் சங்கிலியைப் பார்த்தார். "போட்டுடலாம் சார்" என்று முடித்தார்.

அடுத்த கூட்டத்தில் நாற்காலி இருந்தது. ஒரு கை ஆடுகிற நாற்காலிதான். புருஷன் ஒரு திருகாணியோடு வந்து முடுக்கிவிட்டுப் போனான். சங்கிலி திரும்பச் சின்ன வகுப்புக் கூரைக்கு ஏறியது. இரண்டு இடத்தில் அறுந்ததை நாத்தனார் ஒட்டினாள். "அண்ணி, அடுத்த சாக்கு எப்ப?" என்று கேட்டு அடி வாங்கப் பார்த்தாள்.

இடையில் ஒன்று நடந்தது. தீர்ப்புச் சொன்ன மறுவாரம் அதிகாரி, பதிவேடு எப்படிப் போடுகிறார்கள் என்று பார்க்க வந்தார். வந்தவர் ஒரு கப்பல் கதையைக் கையில் எடுத்து, நின்றபடியே நாலு பக்கம் படித்து, கொஞ்சம் கூச்சத்தோடு, "இத எடுத்துட்டுப் போலாமா?" என்றார். வெள்ளைச் சீட்டில் ஊதா முத்திரை விழுந்தது. பதினான்கு நாள்.

பதினான்கு போய் இருபதும் போயிற்று. உஷ் மிஸ் அலுவலகத் தொலைபேசியை எடுத்தாள்.

"சார், உங்க புத்தகம் ஆறு நாள் தாமதம்!"

எதிர்முனையில் அவர் தொலைபேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருப்பார். "நாளைக்கே ஆள்கிட்ட கொடுத்து விடறேன்மா."

"ஆள் வேணாம் சார். நீங்களே வரணும். இங்க ஒரு வழக்கம் இருக்கு."

மறுநாள் இடைவேளையில் அந்த ஒல்லி மனுஷர் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடக்கத் தெரியாமல் மடக்கி, ஜன்னலோரப் பாயில் உட்கார்ந்தார். சுற்றிலும் முப்பது பிள்ளைகள். கப்பல் எங்கே கிளம்பியது, புயல் எப்போது வந்தது என்று ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வந்தார். புயலில் கப்பல் பாறையில் மோதியது. அத்தோடு நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்தார்.

"அப்புறம்?" என்றது முன்வரிசையில் ஒரு வாண்டு.

"அப்புறம்... எல்லாரும் நல்லபடியா கரை சேர்ந்தாங்க."

"பொய்யி! அது அப்படி முடியாது! மிஸ், இவரு பாதிதான் படிச்சிருக்காரு!"

முப்பது பிள்ளைகளும் விழுந்து புரண்டு சிரித்தார்கள். சத்தம் மாடிப்படி வழியாகக் கீழே இறங்கி, பார்க்கலாம் சார் அறை வரைக்கும் போயிற்று. அதிகாரி காதுவரை சிவந்து, உதவிக்கு மேஜைப் பக்கம் பார்த்தார்.

அவள் முத்திரையை மைத்தட்டில் ஒற்றி எடுத்தாள்.

"இன்னும் பதினாலு நாள் தரேன் சார்" என்றாள், அத்தனை சிரிப்புக்கும் மேலே கேட்கும்படி.